கம்பத்தடிச் சோதனை

சென்னையில் ஒரு பட்டப்பகல். அத்தனை பேர் போக வர, விளக்குக் கம்பத்தடியில் நின்ற தணிகையை மட்டும் மடக்கினார் இன்ஸ்பெக்டர் ராஜதுரை. அவன் பையைப் பிடுங்கி ரோட்டில் கொட்டினார்.

"எந்த ஏரியாடா?"

"வியாசர்பாடி சார்."

"மூஞ்சியிலயே எழுதியிருக்கு, திருட்டுப்பயன்னு. இல்லேன்னு நிரூபிடா பார்க்கலாம்!"

தணிகைக்கு ரத்தம் கொதித்தது. ஆனாலும் பணிவாகவே கேட்டான். "மேலே பார்த்து இன்னொரு தரம் சொல்றீங்களா சார்?"

"எதுக்குடா?"

"கம்பத்து மேல நான் இப்பதான் மாட்டின போலீஸ் கேமரா இருக்கு சார். படமும் சத்தமும் சரியா வருதான்னு கன்ட்ரோல் ரூம்ல பார்த்துக்கிட்டிருக்காங்க."

ராஜதுரையின் வாக்கி-டாக்கி கரகரத்தது. கன்ட்ரோல் ரூமிலிருந்து பெண் மேலதிகாரியின் குரல். "ரெண்டும் தெளிவா இருக்கு. அவரை எதுக்கு நிறுத்தினீங்க, ராஜதுரை?"

ராஜதுரை அவசரமாகக் குனிந்து, கொட்டியதையெல்லாம் பைக்குள் அள்ளிப்போட ஆரம்பித்தார்.

"என் மூஞ்சிக்காக, மேடம்!" என்று தணிகையே உரக்கச் சொன்னான்.