மாஸ்டரைத் தொடக்கூடாது

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடிக் கட்டடம். மாடியில் நாலு புத்திசாலிகள் கம்ப்யூட்டரில் வேலை பார்த்தார்கள். கீழே செண்பகவல்லி டீக்கடை வைத்திருந்தாள். டீ ஆற்றுவதும் அவளே என்பதால் ஊர் முழுக்க அவளுக்கு மாஸ்டரக்கா என்று பெயர். மாடிக்காரர்கள் மட்டும் இன்னும் மரியாதையாக, மாஸ்டர் என்பார்கள்.

செண்பகவல்லிக்குக் கவலைப்படுவதுதான் முழுநேர வேலை. டீ போடுவதெல்லாம் நடுவில் கிடைக்கிற ஓய்வு. அடுப்பை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறவள் பாதி வழியில் திரும்பி வந்து, அணைந்த அடுப்பை இன்னொரு தடவை அணைப்பாள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அவள் மகள் மாரிச்செல்விக்குக் கல்யாணம். பூங்கோதை மண்டபத்தைப் போன மாதமே ஒரு நாள் காலையில் பதிவு செய்துவிட்டாள். அன்று மதியமே மனசு கேட்கவில்லை. மாடியேறிப் போய், "எதுக்கும் இன்னொரு தடவை எழுதிக்கோங்கய்யா" என்று சொல்லிவிட்டு வந்தாள். ஊரில் உள்ள மண்டபங்களுக்கெல்லாம் தேதி குறிக்கிற மென்பொருள் அந்த நாலு பேர் கையில்தான் இருந்தது. ஒரு தாய் தூக்கம் கெடுவதற்கு இது போதாதா?

அந்த மென்பொருள் முழுவதும் ஒரு பென்டிரைவில் இருந்தது. பென்டிரைவ் ஆணியில் தொங்கும். யாருக்கு வேலையோ அவர் எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்வார். உள்ளே 'கடைசி' என்று ஒரு கோப்பு, 'இதுதான் கடைசி' என்று ஒரு கோப்பு, 'இதற்கு மேல் தொட்டால் கை விளங்காது' என்று ஒரு கோப்பு.

திங்கட்கிழமை சென்னையிலிருந்து முதலாளி போன் செய்தார். "இந்த பென்டிரைவ் கூத்தெல்லாம் இனி வேண்டாம். யார் எதை எப்போ மாத்தினாங்கன்னு தானே குறிச்சு வைக்கிற புது ஏற்பாடு வந்திருக்கு. வியாழக்கிழமை ஆறு மணிக்குள்ள எல்லாரும் அதுக்கு மாறிடுங்க. விதிகளைத் தமிழிலேயே அனுப்பியிருக்கேன். ஒரு எழுத்துகூடப் பிசகக்கூடாது."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். விதிகளில் கிளை என்றால் ஆளுக்கொரு நகல், மாஸ்டர் என்றால் மூலப் பிரதி, இழுப்பது என்றால் மற்றவர்கள் செய்த மாற்றத்தை வாங்குவது, தள்ளுவது என்றால் தன் மாற்றத்தை அனுப்புவது, கமிட் என்றால் அதைப் பதிந்து வைப்பது என்பதையாவது சொல்லியிருக்கலாம்.

சற்று நேரத்தில் செண்பகவல்லி நிமிர்ந்து பார்த்தால், கடைக்கு எதிரே இருந்த புங்கமரத்தில் நாலு பேரும் ஏறியிருந்தார்கள்.

"ஏய்யா, என்ன பண்றீங்க?"

"புது ஏற்பாடு மாஸ்டர்," என்றார் மூத்தவரான ஞானதுரை. "ஆளுக்கு ஒரு கிளை எடுத்துக்கணும். அவங்கவங்க கிளையிலதான் அவங்கவங்க வேலை செய்யணும்."

ஆனால் கம்ப்யூட்டர் வயர் மரம் வரைக்கும் எட்டவில்லை. ஆகவே கிளைகளை வெட்டி மாடிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு சந்தேகம் வந்தது.

"மரத்துல இருந்தா கிளை. வெட்டிட்டா விறகுதானே?" என்றான் சுயம்பு.

ஞானதுரை கண்ணை மூடி யோசித்தார். "இலை இருக்கிற வரைக்கும் கிளை. உதிர்ந்தாத்தான் விறகு."

அன்றிலிருந்து நாலு பேரும் மணிக்கொரு தடவை தங்கள் கிளைக்குத் தண்ணீர் தெளித்தார்கள். நாலு கீபோர்டும் நனைந்தன. இலை ஒன்றுகூட உதிரவில்லை.

அடுத்த விதி, தள்ளுவதற்கு முன்னால் இழுக்க வேண்டும் என்றது. அலுவலகக் கண்ணாடிக் கதவில் 'தள்ளு' என்று எழுதியிருந்தது. எபனேசர் விதிப்படி முதலில் இழுத்தான். கைப்பிடி கையோடு வந்தது. பிறகு தள்ளினான். அதற்குப் பிறகு வந்தவர்களும் இழுக்க இடமில்லாததால், எபனேசர் கையிலிருந்த கைப்பிடியை ஒரு தடவை இழுத்துவிட்டுக் கதவைத் தள்ளினார்கள்.

செவ்வாய்க்கிழமை நாலு பேரும் முகம் வாடி டீ குடிக்க வந்தார்கள்.

"என்னய்யா, மண்டபத்துக்கு எதுவும் ஆயிருச்சா?" என்று செண்பகவல்லி பதறினாள்.

"அது இல்ல மாஸ்டர். ஒவ்வொருத்தரும் தினமும் கமிட் ஆகிட்டுத்தான் வீட்டுக்குப் போகணுமாம்," என்றான் தளவாய். நாலு பேரில் கல்யாணம் ஆகாதவன் அவன் ஒருவன்தான். "நான் எங்க போவேன்? எட்டு வருஷமாப் பார்த்தும் ஒண்ணும் அமையலை. சாயங்காலத்துக்குள்ள எப்படி?"

"உனக்காவது ஒரு தடவை," என்றான் சுயம்பு. "நான் ஏற்கனவே கமிட் ஆகி ரெண்டு பிள்ளை இருக்கு. தினமும்னு போட்டிருக்கானே. என் பொண்டாட்டிகிட்ட யாரு பேசுறது?"

கடைசியில் கல்யாணமான மூன்று பேரும் தினமும் சாயங்காலம் தங்கள் மனைவியையே புதிதாகப் பெண் கேட்பது என்று முடிவானது. எபனேசருக்கு அன்றைக்குச் சம்மதம் கிடைக்கவில்லை. தளவாய் வீட்டுக்கே போகவில்லை. அலுவலகத்தில் கிளையோடு படுத்துக்கொண்டான்.

புதன்கிழமை செண்பகவல்லி டீயை நீட்டினால் நாலு பேரும் இரண்டடி பின்வாங்கினார்கள்.

"அங்கேயே வைங்க மாஸ்டர். யாரும் மாஸ்டரை நேரடியாத் தொடக்கூடாதுன்னு உத்தரவு."

"ஏன், எனக்கு அம்மை போட்டிருக்கா? ஏய்யா, என்னைத் தொடாம இருங்க, பரவாயில்ல. என் மகள் கல்யாணத்தையும் தொடாம இருங்க."

"அது எங்க கையில இல்ல மாஸ்டர். எல்லாம் கடைசியா உங்ககிட்டதான் வந்து சேரணும். அப்படித்தான் போட்டிருக்கு."

சொன்னபடியே வியாழக்கிழமை ஐந்து மணிக்கு எல்லாம் வந்து சேர்ந்தது. நாலு கம்ப்யூட்டர், நாலு கிளை, ஒரு கைப்பிடி. ஞானதுரை பென்டிரைவை டீத்தூள் டப்பாவுக்குள் போட்டு மூடினார். நிம்மதியாக மூச்சுவிட்டார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"சேர்க்கும்போது ஒரு மோதல் வந்திருக்கு மாஸ்டர். 'கடைசி'யில ஞாயிற்றுக்கிழமை பூங்கோதை மண்டபம் ஒரு அம்மாவுக்கு. 'இதுதான் கடைசி'யில அதே நாள், அதே மண்டபம், வேற ஒரு அம்மாவுக்கு."

செண்பகவல்லி கையிலிருந்த வடிகட்டி பாலுக்குள் விழுந்தது. "யாருய்யா அவ? என் மகள் முகூர்த்தத்துலயே வந்து நிக்கிறவ?"

ஞானதுரை தாளைப் பிரித்துப் படித்தார். "மணமகள் மாரிச்செல்வி. மணமகன் கற்பகராஜ். பதிவு செய்தவர் செண்பகவல்லி, டீக்கடை."

"அது நான்யா!"

"அது முதல் அம்மா. ரெண்டாவது அம்மா யாருன்னா..." அவர் தாளைத் திருப்பினார். "மணமகள் மாரிச்செல்வி. மணமகன் கற்பகராஜ். பதிவு செய்தவர் செண்பகவல்லி, டீக்கடை."

"அதுவும் நான்தான்யா. எதுக்கும் இருக்கட்டும்னு ரெண்டு தடவை எழுதச் சொன்னேன்ல?"

நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்போ மாஸ்டருக்கும் மாஸ்டருக்கும் மோதல்," என்றான் சுயம்பு மெதுவாக. "இதுல நாம கை வைக்கவே கூடாது."

"ஒண்ணை அழிங்கய்யா. ஒரே நிமிஷ வேலை."

"முடியாது மாஸ்டர். மோதல் வந்தா சம்பந்தப்பட்ட ரெண்டு பேரும் நேர்ல பேசித் தீர்த்துக்கணும். ஆறு மணிக்குள்ள தீரலைன்னா ரெண்டையும் நீக்கிடணும்," என்றார் ஞானதுரை. "விதி."

மணி ஐந்தே முக்கால். பத்திரிகை கொடுத்தாகிவிட்டது. சமையல்காரர் காய் வாங்கப் போயிருந்தார். செண்பகவல்லி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள், அழுதும் பார்த்தாள். நாலு பேரும் கூடவே அழுதார்கள். விதியை மட்டும் விடவில்லை.

ஐந்து ஐம்பத்தைந்துக்கு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கடையைவிட்டு வெளியே போனாள். சேலை முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தாள்.

"நான்தான் ரெண்டாவது செண்பகவல்லி," என்றாள். "மண்டபத்தை அந்தம்மாவுக்கே விட்டுக்கொடுத்துட்டேன்."

நாலு பேரும் எழுந்து கும்பிட்டார்கள். தளவாய் அவளுக்கு உட்கார ஸ்டூல் போட்டான். "பெரிய மனசும்மா உங்களுக்கு. மாஸ்டர் இப்பத்தான் வெளிய போனாங்க, வந்தா சொல்லிடுறோம்."

ஞானதுரை டீத்தூள் டப்பாவைத் திறந்து பென்டிரைவை வெளியே எடுத்து, இரண்டாவது பதிவை அழித்து, மறுபடியும் டப்பாவில் போட்டார். மணி ஆறு.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் ஜோராக நடந்தது. நாலு பேரும் குடும்பத்தோடு வந்து, மண்டபக் கதவை இழுத்துவிட்டுத் தள்ளி, முதல் பந்தியில் உட்கார்ந்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் தளவாய் தயங்கித் தயங்கி செண்பகவல்லியிடம் வந்தான். கையில் இரண்டு தாம்பூலப் பை இருந்தது.

"ஒண்ணு அந்த ரெண்டாவது அம்மாவுக்கு மாஸ்டர். பார்த்தா குடுத்துடுங்க. அப்புறம்..." வெட்கத்தில் அவன் காது சிவந்தது. "அவங்க மகளுக்கு மண்டபம் போச்சுல்ல, கல்யாணமும் நின்னு போயிருக்கும். நான் இன்னும் கமிட் ஆகலை. கொஞ்சம் கேட்டுப் பாருங்களேன்."

"கேட்டுச் சொல்றேன்யா," என்றாள் செண்பகவல்லி.

அதற்குப் பிறகு மூன்று பந்தி நடந்தது. அவளுக்கு எதிலும் மனசு ஒட்டவில்லை. பையன் தங்கமானவன்தான். ஆனால் வாரத்தில் பாதி நாள் வீட்டுக்கே போகாமல் கிளையோடு படுத்திருக்கிறானே, அந்தப் பெண்ணை எப்படி நம்பிக் கொடுப்பது?