முறுக்கு ஏறாத கால்மடிப்பு

“நீங்க எதையோ மறைக்கிறீங்க, எஸ்தரம்மா,” என்றார் மருதாசலம்.

எஸ்தர் தலை நிமிரவில்லை. ஒரு ஜீன்ஸின் காலை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

அவளைவிட அவருக்கு வயது அதிகம். கோயம்புத்தூரில் சட்டை தைத்துப் பேர் வாங்கியவர். கூட இருந்த கூட்டாளி எதிரிலேயே கடை போட்டு வாடிக்கைக்காரர்களை அழைத்துக்கொண்டு போன பிறகு, டீ குடிக்கப் போனாலும் கத்தரிக்கோலைக் கையோடு கொண்டுபோகிற ஆளாகிவிட்டார். இப்போது எஸ்தரிடம் ஜீன்ஸ் வேலை பழக வந்திருந்தார். இதுவும் கைக்கு வராவிட்டால் அவருக்கு வேறு வழியில்லை.

ஜீன்ஸை ஆசையாய் உடுத்துகிறவர்கள் எஸ்தரைத் தேடி வருவார்கள். அவள் அடித்த கால்மடிப்பு, துவைக்கத் துவைக்கக் கயிறுபோல முறுக்கிக்கொள்ளும். மேடெல்லாம் வெளுத்து, பள்ளமெல்லாம் நீலமாய் நிற்கும். அவர்கள் விரும்பியதே அந்த முறுக்கைத்தான். மருதாசலம் அடித்தது எத்தனை துவைத்தாலும் ஆபீஸ் பேன்ட் மாதிரி தட்டையாகவே கிடக்கும்.

அன்று காலை ஒருவர் அப்படி ஒரு ஜீன்ஸைத் திருப்பிக் கொண்டுவந்தார். “இதைப் பிரிச்சு நீங்களே அடிச்சுக் கொடுங்க,” என்று எஸ்தரிடம் சொன்னார். மருதாசலம் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தார்.

“துணி ஒண்ணு, நூல் ஒண்ணு. உங்களதும் என்னதும் ஒரே மாதிரி சங்கிலித் தையல் மிஷின். அப்புறம் எப்படிங்க?” என்றார்.

“என் மிஷின்ல உக்காருங்கண்ணா,” என்று எஸ்தர் எழுந்துகொண்டாள்.

ஒரு பழைய ஜீன்ஸை அடித்தார். துவைத்தார், காயவைத்தார், மறுநாள் மறுபடி துவைத்தார்.

தட்டை.

“நான் உக்கார்றதுக்கு முன்னால எதையாச்சும் திருகி வெச்சீங்களா?”

அவள் திருப்புளியை எடுத்து அவர் முன்னால் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாள்.

மருதாசலம் மிஷினைப் பிரித்தார். ஒவ்வொரு பாகத்தையும் பேப்பரில் பரப்பி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எண்ணெயை முகர்ந்துகூடப் பார்த்தார். ஒன்றும் இல்லை.

திரும்ப மாட்டியபோது மிஷின் ஓடவில்லை.

எஸ்தர் வந்தாள். வாசலில் நின்றவர்களை நாளைக்கு வரச் சொன்னாள். தரையில் உட்கார்ந்து, பொழுது சாயும்வரை அதைச் சரிசெய்தாள்.

“ஏன் என்னைத் திட்டலை?” என்று கேட்டார் மருதாசலம். அதுவும் அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

“உக்காந்து ஒரு கால்மடிப்பு அடிங்க,” என்றாள்.

அவர் ஒரு ஜீன்ஸின் காலை மாட்டி மிஷினை மிதித்தார். துணி நகர்ந்தது.

“இடது கை என்ன பண்ணுது?”

“துணியைப் பிடிச்சிருக்கு.”

“எதுக்கு?”

“விட்டா ஒரு மடிப்பு முந்தும், ஒரு மடிப்பு பிந்தும். கோணிக்கும். இந்த மிஷினை நம்ப முடியாதுங்க.”

“அந்தக் கோணல்தாண்ணா துவைக்கிறப்ப முறுக்காகுது.”

மருதாசலம் மிதிப்பதை நிறுத்தினார்.

“இதை நான் வந்த அன்னைக்கே சொல்லியிருக்கலாமே.”

“சொன்னேன். கையை லேசா விடுங்கன்னேன்.”

அவருக்கு நினைவுக்கு வந்தது. தன் வேலையைக் கெடுக்கத்தான் அப்படிச் சொல்கிறாள் என்று எண்ணி, அன்று இன்னும் இறுக்கிப் பிடித்திருந்தார்.

“வேற ஒண்ணும் இல்லையா?” என்றார். குரல் இறங்கியிருந்தது.

“வேற ஒண்ணும் இல்லைங்க.”

சற்று நேரம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் நூல் கோர்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் மறுபடி மிதித்தார். பிடியை விட்டார். துணி தன் போக்கில் கோணிக்கொண்டு ஊசிக்கு அடியில் போனது.

விட்ட கையை எங்கே வைப்பது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை.