தப்பு என்று சொல்லக் கூடாத ஊர்

முன்னொரு காலத்தில், ஆற்றில் தண்ணீரும் அரசர்களிடம் பொழுதும் தாராளமாகப் புழங்கிய நாளில், சித்திரசேனன் என்றொரு ராஜா இருந்தான். நல்லவன்தான். ஆனால் இறந்துபோன தகப்பனாரின் காலத்தை நினைத்து உருகுவதே அவனுக்கு வேலையாகிவிட்டது. அப்பா இருந்தபோது மாம்பழம் இன்னும் இனித்தது என்பான். அப்பா இருந்தபோது மழை சொன்ன நேரத்துக்குப் பெய்தது என்பான். சபையோர் ஆமாம் போடுவார்கள்.

இந்த ஏக்கத்தில் குளிர்காய்ந்தவர் பிரதானி அனந்தகுணம். பெயரில் இருந்ததைத் தவிர அவரிடம் வேறு குணம் இருந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஒரு நாள் அவர் எழுந்து, "மகாராஜா, தங்கள் தந்தையார் ஆண்ட காலம் முழுவதும் இந்தச் சபையில் 'தப்பு' என்ற சொல் ஒருமுறைகூட ஒலித்ததில்லை" என்றார்.

ராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போதே ஆணை பிறந்தது. அந்தச் சொல்லை யார் சொன்னாலும் நாட்டை விட்டுப் போய்விட வேண்டும். எதற்கும் 'சரி' என்பதே பதில்.

தூணோரம் நின்ற விகடகவி செவ்வந்தியப்பனுக்குச் சிரிப்புத்தான் வந்தது. பெரிய ராஜாவிடம் அந்தச் சொல்லைத் தினமும் சொன்னவனே அவன்தான். "தப்பு, பிரபு" என்பான். பெரிய ராஜா முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். சாயங்காலமானால் வெற்றிலைத் தட்டோடு ஆள் வரும். கோபம் போய்விட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். என்ன மனுஷர் அவர் என்று நினைத்தால் செவ்வந்தியப்பனுக்கு இன்றைக்கும் நெஞ்சு கனத்துப்போகும். பிரதானிக்கும் இதெல்லாம் தெரியும். தெரிந்துதான் இந்தக் கல்லை எறிந்தார். செவ்வந்தியப்பனின் வாய் எத்தனை நாள் சும்மா இருக்கும்?

ஊர் தலைகீழானது. இரண்டும் இரண்டும் ஐந்து என்று பிள்ளைகள் எழுதினார்கள், வாத்தியார் சரி என்றார். பால்காரன் தண்ணீரில் கொஞ்சம் பால் கலந்து ஊற்றினான், அதுவும் சரி. ஒருவன் வீட்டு வாழைத்தாரை அடுத்தவன் வெட்டினான். கேட்கப் போனவன், "சரி, இலையையாவது விட்டு வை" என்று திரும்பினான். முதலில் எல்லாருக்கும் வேடிக்கையாக இருந்தது. போகப் போக அதுவே பழகிவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை செவ்வந்தியப்பன் கோயிலுக்குப் போய்விட்டு வெளியே வந்தான். அவனுடைய பிய்ந்த செருப்புக்குப் பக்கத்தில் ஒரு புதுச்செருப்பு கிடந்தது. கால் அதற்குள் போயிற்று. "சரி" என்று நடையைக் கட்டினான். தெருமுனை வந்த பிறகுதான் செய்தது உறைத்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் ஒரு கிழவர் வெறுங்காலோடு வெயிலில் நின்றுகொண்டிருந்தார். அவன் திருப்பிக் கொடுத்ததும் அவரும் 'சரி' என்றார். அவர் நாலு திட்டு திட்டியிருந்தால்கூட அவனுக்கு மனம் ஆறியிருக்கும். சொல் போனால் அதன் பின்னாலேயே வெட்கமும் போய்விடுகிறது என்று அவனுக்குப் பயமாக இருந்தது.

இப்படியிருக்கையில் ராஜா அல்லிக்குளத்தைச் சுற்றி வேலி போட்டான். அப்பா அவனுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்த குளம் அது. அதை அன்னங்கள் மட்டும் நீந்தும் நினைவுக் குளமாக்க வேண்டும் என்று பிரதானி யோசனை சொல்லியிருந்தார். கீழத்தெருவுக்கு அதை விட்டால் குடிதண்ணீர் கிடையாது. அந்தத் தெருவிலிருந்து காத்தாயி என்பவள் வெறுங்குடத்தோடு சபைக்கு வந்தாள்.

"மகராசா, எங்க புள்ளைங்க ஊத்துல சேத்துத் தண்ணி குடிச்சு வயித்தால போவுதுங்க. கொளத்தை அடைச்சது..." என்று நிறுத்தினாள்.

"அடைத்தது? சொல், பெண்ணே. என்னவென்று சொல்லவந்தாய்?" என்றார் பிரதானி இனிக்க இனிக்க.

காத்தாயி, "சரிங்க சாமி" என்று சொல்லிவிட்டுக் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

பிரதானி திரும்பினார். "செவ்வந்தியாரே, தாங்கள் பெரிய ராஜாவுக்கே புத்தி சொன்னவர். குளத்தை அடைத்தது என்னவென்று தாங்கள் சொல்லுங்கள்."

சரி என்றால் கீழத்தெருப் பிள்ளைகள் சேற்றுத் தண்ணீர்தான் குடிக்க வேண்டும். மற்றதைச் சொன்னால் பிறந்த மண்ணை விட்டுப் போக வேண்டும். செவ்வந்தியப்பன் கைகூப்பினான்.

"மகாராஜா, பதில் இருக்கிறது. வாயில் வரமாட்டேன் என்கிறது. நாளைக் காலையில் கொண்டு வருகிறேன்."

"நல்லது, கொண்டு வாரும்" என்றான் ராஜா.

உண்மையைச் சொன்னால், அப்போது செவ்வந்தியப்பனிடம் எந்தப் பதிலும் இல்லை. கால் போன போக்கில் நடந்தான். சொல்லிவிட்டுப் போய்விடுவோம் என்று ஒரு மனம். இந்த வயதில் எந்த ஊரில் போய் யாரைச் சிரிக்க வைப்பாய் என்று இன்னொரு மனம். ஊர்க்கோடியில், திருவிழாக்களுக்குக் கொட்டடிக்கும் மூக்கன் வைக்கோலைக் கொளுத்தி, தன் வாத்தியத்தின் தோலை அனலில் காட்டி முறுக்கேற்றிக்கொண்டிருந்தான்.

"என்ன மூக்கா, கோயில் கொடைக்கு வாசிக்கப் போறியா?"

"போவணும் சாமி. ஆனா இதோட பேரைச் சொல்லத்தான் பயமா இருக்கு. வூட்டுல 'அது, அது'ன்னு சொல்லிக்கிறோம். எம்பொஞ்சாதி 'அதை எடுத்தாந்தியா'ன்னு கேக்குறா, நான் அரிவாளைக் கொண்டுபோய்க் குடுக்குறேன்."

செவ்வந்தியப்பன் அங்கேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மூக்கனுக்கு ஒன்றும் புரியவில்லை.

"மூக்கா, அந்த 'அது'வைக் காலையில ஒரு நாழிக்கு எனக்குக் குடு."

மறுநாள் அவன் துணி மூடிய வட்டமான பொருள் ஒன்றைத் தூக்கிக்கொண்டு சபைக்கு வந்தான்.

"குளத்தை அடைத்தது பற்றி உமது பதில் எங்கே?" என்றான் ராஜா.

செவ்வந்தியப்பன் துணியை விலக்கி, குச்சியால் ஓங்கி ஓர் அடி அடித்தான். தூண்களெல்லாம் அதிர்ந்தன. அரண்மனையில் வீணையும் மத்தளமும் கேட்டே வளர்ந்த ராஜா குனிந்து பார்த்தான்.

"என்ன இது, பிரதானியாரே?"

தெருவில் அடிக்கிற வாத்தியம் அரண்மனைக்குள் வந்துவிட்டதே என்ற ஆத்திரம் அனந்தகுணத்துக்கு. "தப்பு, மகாராஜா" என்றார். "சந்தேகமே வேண்டாம், இது தப்பேதான்."

பிரதானி தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார்.

செவ்வந்தியப்பன் பணிந்து சொன்னான்: "மகாராஜா, குளத்தை அடைத்தது என்ன என்று கேட்டீர்கள். நான் வாயைத் திறக்கவில்லை. தங்கள் பிரதானியாரே சபையறியச் சொல்லிவிட்டார்."

"நான் வாத்தியத்தின் பெயரைச் சொன்னேன்" என்று குழறினார் பிரதானி.

"நானும் வாத்தியத்தைத்தான் கொண்டுவந்தேன், ஐயா."

ராஜா சிரிக்கவில்லை. வாத்தியத்தின் தோலில் கையை வைத்தான். அவன் குரல் சிறுபிள்ளையின் குரலாக இருந்தது.

"செவ்வந்தி, அந்தக் குளத்தில் அப்பா என்னைத் தூக்கிப் போட்டதும், நான் தத்தளித்ததும் நினைவிருக்கிறது. இத்தனை நாளாக அதில் நானும் அப்பாவும் மட்டுமே இருந்தோம். இப்போதுதான் படித்துறை நினைவுக்கு வருகிறது. அங்கே பெண்கள் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தார்கள். நான் காலை உதறிச் சேற்றைக் கலக்கினேன். ஒருத்தி, 'தப்பு, ராசா, குடிக்கிற தண்ணி' என்றாள். அப்பா என்ன செய்தார், தெரியுமா?"

"தெரியாது, பிரபு."

"என்னைக் கரையேற்றி, தண்ணீர் தெளிகிற வரைக்கும் அந்த அம்மாவுக்குத் துணையாக உட்கார வைத்தார். அவரும் உட்கார்ந்தார்."

செவ்வந்தியப்பன் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். ராஜா பிரதானியைப் பார்த்தான். ஆணைப்படி அவர்தான் நாட்டை விட்டுப் போக வேண்டியவர்.

"வேண்டாம், மகாராஜா" என்று செவ்வந்தியப்பன் குறுக்கே வந்தான். "பிரதானியார் வாழ்நாளில் உண்மை சொன்னது இன்றைக்குத்தான். அதற்குத் தண்டனை கொடுத்தால் இனிமேல் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டார்."

அப்போது சிரித்தான் ராஜா. சபையும் சிரித்தது. வேறு வழியில்லாமல் அனந்தகுணமும் சிரித்துவைத்தார். ராஜா தன் பட்டுச் சால்வையை எடுத்து விகடகவியின் தோளில் போர்த்தினான். மூக்கனுக்கும் அதே கரை போட்ட சால்வை ஒன்று போயிற்று.

ஆணை அன்றைக்கே ரத்தானது. வேலியைப் பிடுங்க ராஜாவே ஆட்களோடு குளத்துக்குப் போனான். அவசரத்தில் அவர்கள் இழுத்த இழுப்பில் படித்துறைக் கல் ஒன்று பெயர்ந்து விழுந்தது. குடத்தோடு நின்றிருந்த காத்தாயி ராஜாவைப் பார்த்தாள். பிறகு பெயர்ந்த கல்லைப் பார்த்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"வேலியைப் புடுங்குறது சரிங்க சாமி. படியைப் பேக்குறது தப்பு."

"தப்புதான், தாயே" என்றான் ராஜா. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கல்லைத் தூக்கத் தண்ணீரில் இறங்கினான்.