மரங்கொத்தி தட்டிப் பார்க்காத மரம்

ஏரிக்கரைக் காட்டில் ஒரு மரங்கொத்தி இருந்தது. பொந்து குடைவதில் அதை மிஞ்ச ஆள் கிடையாது. மரத்தைக் கண்டதும் கொத்த ஆரம்பித்துவிடாது. அடியிலிருந்து உச்சிவரை அலகால் தட்டும். காது கொடுத்துக் கேட்கும். “இது உள்ளே உளுத்துப் போச்சு, வேண்டாம்!” என்று பல மரங்களை ஒதுக்கிவிடும். உறுதியான மரம் கிடைத்த பிறகுதான் வேலையைத் தொடங்கும்.

அதனால் காடு முழுக்க அதன் பெயர் பரவியது. கிளிகளும் மைனாக்களும் ஆந்தையும்கூட அதைத் தேடி வந்தன.

“அண்ணே, எனக்கு எப்போ?”

“மழைக்கு முன்னாடி முடிச்சுக் குடுங்கண்ணே!”

ஒரு நாள் அவசரத்தில் மரங்கொத்தி ஒரு மரத்தைத் தட்டிப் பார்க்காமலே குடைந்தது. வாசல் வட்டமாக வந்தது. உட்புறம் வழவழவென்று இருந்தது.

“அடடா! என்ன அழகு!” என்றது கிளி.

‘எல்லாரும் வாசலைத்தானே பார்க்கிறார்கள்!’ என்று மரங்கொத்தி நினைத்துக்கொண்டது. அன்றிலிருந்து எந்த மரத்தையும் அது தட்டிப் பார்க்கவில்லை.

“என்னங்க, இப்பல்லாம் நீங்க தட்டுற சத்தமே கேக்கலையே?” என்று அதன் மனைவி கேட்டது.

“எனக்கு மரத்தைப் பார்த்தாலே தெரியும்! நீ சும்மா இரு!”

மழைக்காலம் வந்தது. ஒரு மத்தியானம் லேசாகக் காற்று வீசியது. திடீரென்று, மடார்!

ஏரியோரத்து வாகை மரம் பாதியில் முறிந்து விழுந்தது. பறவைகள் அலறிக்கொண்டு பறந்தன. மரங்கொத்தியும் பறந்தோடி வந்தது. முறிந்த இடத்தில் கட்டை பொடிப்பொடியாக உதிர்ந்து கிடந்தது.

“ஐயையோ! உளுத்த மரத்துல போய்ப் பொந்து குடைஞ்சிருக்கே! எந்த முட்டாள் செஞ்ச வேலை இது?” என்று அது கத்தியது.

எல்லாப் பறவைகளும் அதையே பார்த்தன. மரங்கொத்தி குனிந்து பார்த்தது. உடைந்த கட்டையில் வட்டமான வாசல் ஒன்று தெரிந்தது. அது மரங்கொத்தியின் கையெழுத்துப் போல இருந்தது. வேறு யாராலும் அப்படிக் குடைய முடியாது.

அதன் அலகு திறந்தபடியே நின்றுவிட்டது.

கட்டைக்குப் பக்கத்தில் மைனா உட்கார்ந்திருந்தது. அதன் இரண்டு குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன. மூன்றாவது கத்தவில்லை.

“தங்கச்சி…” என்றது மரங்கொத்தி.

“நீங்க குடைஞ்சதுன்னு சொன்னாங்க அண்ணே. அதான் நான் எதையும் பார்க்காம குடிவந்தேன்” என்றது மைனா. அது திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட மரங்கொத்தி தாங்கியிருக்கும்.

“உனக்கு வேற பொந்து…”

“எனக்கு அப்புறம் பார்க்கலாம். மத்தவங்களை முதல்ல வெளியே கூப்பிடுங்க!”

மரங்கொத்திக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவசரத்தில் குடைந்த மரங்கள் எத்தனை! அத்தனையிலும் இப்போது குடும்பங்கள்!

அது மரம் மரமாகப் பறந்தது. “வெளியே வாங்க! எல்லாரும் வெளியே வாங்க!”

இலுப்பை மரத்து ஆந்தை மட்டும் அசையவில்லை. “பகல்ல தூங்க விட மாட்டியா? உன் வேலையில ஏதப்பா குறை? போ, போ!”

“குறை இருக்கு! நான் இந்த மரத்தைத் தட்டிப் பார்க்கவே இல்ல! பொய்யா பேர் வாங்கினேன்!” என்று மரங்கொத்தி எல்லார் முன்னாலும் கதறியது. கதறியபடியே மரத்தைக் கொத்தியது. அலகு சரக்கென்று கண்வரை உள்ளே இறங்கியது. ஆந்தை நின்றிருந்த பொந்தின் அடியிலிருந்து உளுத்த தூள் கொட்டியது.

ஆந்தை ஒரே பாய்ச்சலாக வெளியே வந்து விழுந்தது.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கிளிகளும் ஆந்தையும் மைனாவும் குஞ்சுகளைச் சிறகுக்குள் மூடிக்கொண்டு திறந்த கிளையில் நனைந்தன. யாரும் மரங்கொத்தியிடம் பேசவில்லை. அதுவும் மன்னிப்புக் கேட்டு நேரத்தைக் கடத்தவில்லை. நல்ல மரம் தேடிக் கொட்டும் மழையிலேயே கிளம்பிப் போனது.

பிறர் கண்ணில் படாத இடத்திலும் குறை வைக்காமல் செய்வதே சிறந்த வேலை. ஏனென்றால் நம்மை நம்பியவர்களின் உயிர் அந்த இடத்தில்தான் இருக்கிறது.