கௌதாரியின் கம்பங்காடும் செம்மறிக் கிடையும்

காட்டோரத்தில் ஒரு கௌதாரி கம்பு விதைத்துப் பிழைத்து வந்தது. சுத்தம் என்றால் அதற்கு உயிர். நிலத்தில் ஒரு சருகு விழுந்தாலும் அலகால் கவ்வி எறிந்துவிட்டுத்தான் மறுவேலை. ஆட்டுப் புழுக்கையைக் கண்டாலோ கேட்கவே வேண்டாம்!

அந்த வருஷம் கதிரெல்லாம் பதர். குஞ்சுகள் எலும்பும் தோலுமாகத் திரிந்தன.

நரி வந்து உச்சுக் கொட்டியது. "பிள்ளைகள் இப்படி வாடுதே, தங்கச்சி! அடுத்த வெள்ளாமையும் பொய்த்தால் என் குகைக்கு அனுப்பிவிடு. நான் பார்த்துக்கொள்கிறேன்."

நரி பார்த்துக்கொள்ளும் லட்சணம் கௌதாரிக்குத் தெரியாதா? "என் பிள்ளைகளை நான் பார்ப்பேன், போ!" என்று சீறியது. ஆனாலும் குஞ்சுகளைச் சிறகுக்குள் இழுத்துக்கொண்டது. பறக்கத் தெம்பில்லாத குஞ்சை நரி கேட்டுவிட்டா தூக்கும்?

"கோபப்படாதே! நிலத்தைப் பளிங்கு மாதிரி வைத்திருக்கிறாய், அதுவே பெரிசு. அந்தச் செம்மறிக் கூட்டத்தை மட்டும் உள்ளே விட்டுவிடாதே. நாற்றம் தாங்காது!" என்றது நரி.

புகழ்ச்சி கேட்டுக் கௌதாரிக்குக் கழுத்து நிமிர்ந்தது. அங்கேதான் ஏமாந்தது.

கோடையில் கூட்டத்தின் தலைவி, ஒரு வாயாடிச் செம்மறி, வந்து கேட்டது. "மழை வரும்வரை இங்கே கிடை போடட்டுமா அக்கா? இரவில் நாங்கள் படுத்து எழுந்தாலே நிலத்துக்கு உரம்."

"என் நிலம் என்ன உங்கள் கக்கூஸா? நடையைக் கட்டு!"

"கட்டுகிறேன் தாயே! நீயும் உன் சுத்தமும்!"

மறுநாள் வெட்டுக்கிளியைத் துரத்திப் போன கௌதாரி, ஆடுகள் முன்பு கிடை கிடந்த மேட்டில் திகைத்து நின்றது. எப்போதோ சிந்திய கம்பு அங்கே தானாக முளைத்து, விளைந்து, காய்ந்து நின்றது. கதிர் ஒவ்வொன்றும் முழ நீளம்! அதே விதை. அதே மழை. புழுக்கை மட்டும்தான் கூடுதல்.

'என் நிலத்துச் சுத்தத்தில் நரிக்கு என்ன அத்தனை அக்கறை?' அப்போதுதான் உறைத்தது. விழுந்தடித்துக்கொண்டு செம்மறியிடம் ஓடியது.

"என்ன அக்கா, கக்கூஸைத் திறந்தாச்சா?"

"திறந்தாச்சு, வந்து தொலை! என் குஞ்சுகள் பிழைக்கணும்."

செம்மறிகள் இடம் மாற்றி மாற்றிப் படுத்தன. கௌதாரி மூச்சைப் பிடித்துக்கொண்டு புழுக்கையையும் சருகையும் கிளறி மண்ணோடு சேர்த்தது. மழை பெய்தது. கௌதாரி கம்பு விதைத்தது. பயிர் கருகருவென்று எழுந்து, கதிர் பால்பிடித்து, மணி முற்றியது.

நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு நரி வந்தது. "தங்கச்சி, பிள்ளைகள் எங்கே?"

சடசடவென்று சத்தம். கொழுத்த குஞ்சுகள் பயிருக்குள்ளிருந்து கிளம்பி அதன் தலைக்கு மேலே பறந்தன!

"சீச்சீ, என்ன நாற்றம்!" என்று முகத்தைச் சுளித்தது நரி.

"மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடு!" என்றது கௌதாரி. நரி வாலைச் சுருட்டிக்கொண்டு போனபிறகுதான், எத்தனையோ மாதமாக அடக்கியிருந்த பெருமூச்சை விட்டது.

சுத்தம் சோறு போடும் என்பது வீட்டுக்கு. வயலுக்கு எருதான் சோறு போடும்.