யானைக் காசைத் தேய்த்த பெருச்சாளி

ஆற்றோரக் காட்டில் பூதன் என்றொரு பெருச்சாளி இருந்தது. உடம்புதான் பூதம், மனசு பொடிசு. யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், அன்றைக்கெல்லாம் அதற்கு இரை இறங்காது.

அதனிடம் ஒரு பரம்பரைச் சொத்து உண்டு. தாத்தா வளை தோண்டும்போது கிடைத்த காசு. ஒரு பக்கம் யானை, மறுபக்கம் யாருக்கும் புரியாத எழுத்து. "இது வெள்ளிக் காசு, பத்திரம்!" என்று கொடுத்துவிட்டு அப்பா கண்ணை மூடியது. பார்த்தால் அடுப்புக்கரி மாதிரி கறுப்பு.

பூதனின் வளை பள்ளத்தில் இருந்தது. பெருமழை பெய்தால் ஆறு உள்ளே வந்துவிடும். இந்த வருஷம் பார்த்து அதன் மனைவி செவந்தி நாலு குட்டி போட்டிருந்தது. மேட்டிலே முள்ளம்பன்றி ஊசியாருக்கு இரண்டு வளைகள். ஒன்று காலி. ஊசியாருக்குப் பழைய பொருள் என்றால் உயிர். எங்கெங்கோ கிடந்த எலும்பு, கொம்பு எல்லாவற்றையும் பொறுக்கிச் சேர்த்து வைத்திருந்தது.

"உன் யானைக் காசு அசல் பழசு என்றால் கொண்டு வா! காலி வளையை எடுத்துக்கோ!" என்றது ஊசியார்.

பூதனுக்குத் தலைகால் புரியவில்லை. நேரே காசை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். போகுமா? அசல்தானா என்று சந்தேகம் வந்துவிட்டது. காக்கையிடம் காட்டியது.

காக்கை விழுந்து விழுந்து சிரித்தது. "இதுவா வெள்ளி! என் கூட்டைப் பார், சோடா மூடி, கரண்டி, ஜிகினாத் தாள்! எப்படி மின்னுது! வெள்ளி எங்கேயாவது கறுக்குமா? உங்க தாத்தாவுக்கு ஈயத்துண்டுதான் கிடைச்சிருக்கு!"

"எங்கப்பா பொய் சொல்லாது, காக்கையாரே!"

"அப்போ தேய்ச்சுப் பாரேன்! வெள்ளின்னா மின்னட்டும்!"

செவந்தி பதறிப்போனது. "என்னங்க இது! மாமா ஒரு நாளாவது அதைத் தேய்ச்சு நான் பார்த்ததில்லையே! இப்படியே கொண்டுபோய்க் காட்டுங்க!"

"கரிக்கட்டையை நீட்டி நான் அவமானப்படணுமா? நீ சும்மா இரு!"

ஆற்று மணலைப் போட்டுப் பாறையில் தேய்த்தது பூதன். பெருச்சாளிக்குச் சுரண்டவும் தேய்க்கவும் யாராவது சொல்லித் தரவேண்டுமா? மதியத்துக்குள் வெள்ளை தெரிந்தது. அத்தோடு விட்டுத் தொலைத்திருக்கக் கூடாதா, பாவி! யானையின் காதோரம் கொஞ்சம் கறுப்பு, எழுத்தின் இடுக்கில் கொஞ்சம் கறுப்பு. அதுவும் போகட்டும் என்று இரண்டு நாள் தேய்த்தது. யானை மழுங்கியது. 'யானை போனால் என்ன, வெள்ளி இருக்கிறதே!' என்று தன்னைத் தேற்றிக்கொண்டது.

மூன்றாம் நாள் மேட்டுக்குப் போய்க் காசை நீட்டியது. ஊசியார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

"யானை எங்கே?"

"கறுப்பு போகத் தேய்ச்சேன், ஊசியாரே! பாருங்க, அசல் வெள்ளி!"

"வெள்ளிதான், யார் இல்லைன்னா? வெறும் வெள்ளியை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? என்றைக்கோ யாரோ அடிச்ச யானைக்குத்தானே ஆசைப்பட்டேன்! வெள்ளி காலப்போக்கில் கறுக்குமப்பா. அந்தக் கறுப்புதான் அதன் வயசுக்குச் சாட்சி. இதை நேத்து அடிச்சதுன்னு ஒருத்தன் சொன்னா, நான் என்ன பதில் சொல்ல?"

"வளை?" என்று கேட்டது பூதன்.

"பழைய மான்கொம்பு தர்றேன்னு உடும்பு முந்தாநாளே வந்தது. உனக்காகத் திருப்பி அனுப்பினேன். இனி அதைத்தான் கூப்பிடணும்," என்று பெருமூச்சு விட்டது ஊசியார்.

திரும்பும் வழியில் காக்கை கத்தியது. "அடடே, என்ன மினுமினுப்பு! சந்தேகமே இல்லை, வெள்ளியேதான்!" பூதன் காசை அங்கேயே போட்டுவிட்டு நடந்தது. காக்கை அதைக் கொத்திக்கொண்டு போய் சோடா மூடிகளோடு வைத்துக்கொண்டது.

அடுத்த வாரம் மழை பிடித்தது. காலையில் ஆறு வளைக்குள் நுழைந்தது. வாய்க்கு ஒரு குட்டிதான் கொள்ளும். பூதன் ஒன்றைக் கவ்வியது, செவந்தி ஒன்றைக் கவ்வியது. மேட்டுப் புதரில் விட்டு, செவந்தியைக் காவலுக்கு வைத்துவிட்டு ஓடி வந்து, பூதன் மூன்றாவதையும் தூக்கிச் சேர்த்தது. நாலாவதற்குத் திரும்பி வந்தபோது வளை வாசலே இல்லை, தண்ணீர்தான் இருந்தது.

செவந்தி மூன்று குட்டிகளையும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"நீ சொன்னியே, செவந்தி! நான்தான் கேக்கலை!" என்று பூதன் மண்ணில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதது.

அருமை தெரியாதவரின் சிரிப்புக்குப் பயந்து கையில் இருப்பதைக் கெடுத்துக்கொள்பவனுக்கு வருத்தம் மட்டுமே மிஞ்சும்.