சோளக்கொல்லைப் பொம்மையின் கைராசி

மலைக்குக் கிழக்கே, மார்கழி வந்துவிட்டால் உச்சிப்பொழுது வரைக்கும் பனி எழுந்து போகாத ஓர் ஊர் இருந்தது. அந்த ஊருக்கு ஒரு ராசா இருந்தான். சண்டை போடுகிற ராசா இல்லை, சாப்பிடுகிற ராசா. எழுந்ததும் வெண்பொங்கல், அது இறங்குவதற்குள் பணியாரம், பணியாரம் இறங்குவதற்குள் மத்தியானச் சாப்பாடு. பேர் என்னவோ வெண்குடையான்தான். ஊரார் எதிரே நின்றால் ராசா என்பார்கள், முதுகுக்குப் பின்னால் அண்டா என்பார்கள். மெதுவாச் சிரிங்க, அவனுக்குக் காது நன்றாகக் கேட்கும்.

அப்பேர்ப்பட்ட ராசாவுக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு இருந்தது. அவன் அம்மா கண்ணை மூடும்போது அவனிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். பனியில் சிறகு நனைந்துபோனால் பறவையால் தூரம் போய் இரை தேட முடியாது, அதனால் பனிக்காலம் முழுக்க நம் தோட்டத்துக் கல்மேடையில் தானியம் போடணும், ஒரு பறவையாவது ஒரு வாய் கொத்தின பிறகுதான் சமைத்த சாப்பாட்டில் நீ கை வைக்கணும் என்று. காக்காய்க்கு வைத்துவிட்டுச் சாப்பிடுகிறவர்கள்தானே நாமும், அது மாதிரி. தானியம் போடுவது அந்த வீட்டு மருமகளின் வேலை.

அந்த வருசம் ஐப்பசியில்தான் ராசாவுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. ராணி பேர் பூவாத்தாள். மழை மறந்துபோன கம்பங்காட்டுச் சீமையிலிருந்து வந்தவள். வாய் கொஞ்சம் நீளம் என்று அரண்மனையில் பேசிக்கொண்டார்கள். நீளமும் இல்லை, அகலமும் இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வாள், தான் கேட்டதற்குப் பதில் வராவிட்டால் திரும்பவும் கேட்பாள், அவ்வளவுதான். இதற்குப் பேர் வாய் நீளமா, நீங்களே சொல்லுங்க.

அந்த அரண்மனையில் கீர்த்திவாசன் என்று ஒரு மந்திரி இருந்தான். ராசாவின் அம்மா இருந்தவரை தினைக்கு ஒரு பானை, கம்புக்கு ஒரு பானை, சோளத்துக்கு ஒரு பானை என்று தனித்தனியாக இருக்கும். அவள் போனதும் மந்திரி ராசாவிடம் வந்து, பறவைக்குப் பறவை இத்தனை உபசாரம் எதற்கு, ஒரே ராசா, ஒரே தோட்டம், ஒரே தானியம் என்று வைத்துக்கொண்டால் அழகாக இருக்குமே என்றான். ராசாவுக்கு அப்போது வாய் நிறையப் பணியாரம். தலையை ஆட்டிவிட்டான். அந்த ஒரே தானியம் எது தெரியுமா? கொள்ளு. மந்திரி வீட்டுத் தானியக் குதிரில் பழங்கொள்ளு வண்டு பிடித்துக் கிடந்தது, வாங்க ஆள் இல்லை. கொள்ளு அரண்மனைக் களஞ்சியத்துக்கு வந்தது, களஞ்சியத்துத் தினையும் கம்பும் சோளமும் ராத்திரியோடு ராத்திரியாக மந்திரி வீட்டுக்குப் போனது. களஞ்சியத்துச் சாவி மந்திரி இடுப்பில் தொங்கியது.

மார்கழி பிறந்தது. பூவாத்தாள் குளித்துவிட்டு, மந்திரி அளந்து கொடுத்ததை வாங்கிக் கல்மேடையில் போட்டாள். ராசா தூணோரம் நின்று பார்த்தான். உள்ளே பொங்கலுக்கு நெய் காய்கிற வாசனை. பறவைகள் வந்தன, வராமல் இல்லை. வந்து மதில்மேல் உட்கார்ந்து குனிந்து பார்த்தன.

சிட்டுக்குருவி சொன்னது, "என் வாயே இத்தனூண்டு. நான் இதை உடைக்கிறதா, இது என் அலகை உடைக்கிறதா?"

கிளி சொன்னது, "கதிரைக் கால்ல பிடிச்சு உரிச்சுத் தின்னாத்தான் எனக்குத் தின்ன மாதிரி இருக்கும். கொட்டிக் கிடக்கறதைப் பொறுக்க நான் என்ன கோழியா?"

புறா சொன்னது, "நல்ல கொள்ளுன்னா முழுசாவே விழுங்கிடுவேன். இதுக்குள்ள வண்டு குடித்தனம் பண்ணுது. அதையும் சேர்த்து விழுங்கணும்னு எனக்கென்ன தலையெழுத்து?"

மைனாவுக்கு விதை என்றாலே ஆகாது. பழம் இருக்கிறதா என்று பார்த்தது, இல்லை என்றதும் கிளம்பிவிட்டது.

கடைசியில் காக்கா வந்தது. "எனக்குச் சமைச்சதுதான் வேணும். ராசா தின்னாத்தான் இலையில மிச்சம் வரும். நாம தின்னாத்தான் ராசா தின்பானாம். இது என்னிக்கு விடியறது?" என்று சொல்லிவிட்டு அதுவும் பறந்துபோனது.

ராசாவுக்கு அன்றைக்கு இளநீரும் வாழைப்பழமும்தான். பணியாரத்தை நினைத்து நினைத்து இளநீர் குடித்தான், பாவம்.

உடனே மந்திரி வந்து காதோரம் குனிந்தான். உங்க அம்மா போட்டபோது வந்த பறவை, புது ராணி போட்டால் வரவில்லை என்றால் அது எதனால்? கைராசி. கையில் ராசி இல்லை. மஞ்சள் பூசிக்கொண்டு போட்டால் ஒருவேளை சரியாகும் என்றான்.

பூவாத்தாள் ராசாவிடம் சொன்னாள், "என்னங்க, கையைப் பார்க்கறீங்களே, கையில இருக்கறதைப் பார்க்க மாட்டீங்களா?"

பசியில் இருக்கிறவனுக்கு இதெல்லாம் காதில் ஏறுமா? மஞ்சள் பூசிக்கொள் என்றான். பூசிக்கொண்டு கொள்ளைப் போட்டாள். பறவைகள் மதில்மேல் வந்தன, பார்த்தன, போயின.

அப்புறம் மந்திரி, வளையலை மாற்றணும், தாய்வீட்டு வளையல் ஆகாது என்றான். "கையைப் பார்க்கறீங்களே, கையில இருக்கறதைப் பார்க்க மாட்டீங்களா?" என்று பூவாத்தாள் திரும்பவும் கேட்டாள். வளையலை மாற்று என்றான் ராசா. மாற்றிக்கொண்டு கொள்ளைப் போட்டாள். பறவைகள் வந்தன, பார்த்தன, போயின.

அப்புறம் மந்திரி, பாலில் கை கழுவணும் என்றான். பூவாத்தாள் அதே கேள்வியை மூன்றாம் தரமும் கேட்டாள். அதே பதில்தான் வந்தது. பாலில் கை கழுவிவிட்டுக் கொள்ளைப் போட்டாள், பால் வாசனைக்கு அரண்மனைப் பூனை வந்து கல்மேடையில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டது. அன்றைக்குப் பறவைகள் மதிலுக்குக்கூட வரவில்லை.

இப்படியே மார்கழி கழிந்துகொண்டு வந்தது. அண்டா குடமாகிவிட்டது, குடம் செம்பாகிக்கொண்டிருந்தது. ராசாவின் வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. மந்திரி கடைசியாக ஒன்று சொன்னான். பொங்கலுக்கு ராணியின் தாய்வீட்டுச் சீர்வண்டி வருமில்லையா, அது திரும்பிப் போகும்போது ராணியம்மாவையும் ஏற்றி அனுப்பிவிட்டால் பறவையும் வரும், மகாராசாவும் சாப்பிடலாம். ராசா பூவாத்தாள் முகத்தைப் பார்க்கவில்லை. அடுக்களைப் பக்கம் பார்த்துக்கொண்டே சரி என்று சொல்லிவிட்டான்.

தாய்வீட்டுக்குத்தானே, போனால் என்ன என்று கேட்பீங்க. போவது பெரிசில்லை, என்ன பேரோடு போகிறாள் என்பதுதான் பெரிசு. ராசி கெட்ட கை என்று ஒருதரம் சொல்லிவிட்டால் போதும், அவள் ஊரில் விதைப்புக்கு அந்தக் கையைக் கூப்பிட மாட்டார்கள். கல்யாண வீட்டில் தாம்பாளம் எடுக்க விடமாட்டார்கள், குழந்தைக்குப் பொட்டு வைக்க விடமாட்டார்கள். சொன்னவன் மறந்துவிட்டுத் தூங்கிவிடுவான். அவள் மட்டும் அந்தக் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டே கிழவியாக வேண்டும்.

பொங்கலுக்கு முதல்நாள் காலையில் சீர்வண்டி வந்தது. ஓட்டிக்கொண்டு வந்தவன் அவள் அண்ணன் காளியண்ணன். வண்டியில் கரும்பு, மஞ்சள் கொத்து, கட்டுக் கட்டாகக் கம்பங்கதிர், தினைக்கதிர், சோளக்கதிர். வண்டியை விட்டு இறங்குவதற்குள் மந்திரி அவனிடம் விசயத்தைச் சொல்லிவிட்டான். காளியண்ணன் தங்கச்சியைப் பார்த்து, "அம்மிணி, வண்டி கட்டட்டுமா, இல்லை இந்த ஆளைக் கட்டட்டுமா?" என்று கேட்டான்.

"ரெண்டும் வேண்டாம், சித்தெ இருங்க" என்றாள் பூவாத்தாள். அப்புறம் ராசா எதிரே போய் நின்றாள். "போறேங்க. போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு. என் கை சரியில்லை, சரி. சரியான கை எதுன்னு காட்டிட்டு அனுப்புங்க. ஊரையே ஆளுற கை உங்க கை. நீங்க போடுங்க."

ராசா போட்டான். அதே கொள்ளுதான். பறவைகள் மதில்மேல் வந்தன, பார்த்தன, போயின.

"அப்போ உங்க கையிலயும் ராசி இல்லை" என்றாள் பூவாத்தாள். "உங்களை எந்த வீட்டுக்கு அனுப்பறது? வண்டியில இடம் இருக்குது, ஏறிக்குங்க."

அரண்மனையே வாயைப் பொத்திக்கொண்டது. ராசா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டான்.

பூவாத்தாள் சும்மா பெரிய வீட்டில் வளர்ந்தவள் இல்லை. சின்ன வயசெல்லாம் கம்பங்காட்டுப் பரண்மேல் கவண் வைத்துக்கொண்டு நின்றவள். எந்தப் பறவை எந்தக் கதிருக்கு வரும், எதை மோந்துகூடப் பார்க்காது என்று விரட்டி விரட்டியே தெரிந்துவைத்திருந்தாள். அவள் என்ன செய்தாள், இரண்டு மூங்கிலைக் குறுக்கே கட்டினாள், வைக்கோலைச் சுற்றினாள், மேலே ஒரு சட்டியைக் கவிழ்த்துக் கண்ணும் மீசையும் வரைந்தாள். சோளக்கொல்லைப் பொம்மை. அதற்கு ஒரு சட்டை வேண்டுமே? வெளுத்து வந்த மூட்டையில் மந்திரியின் சரிகை அங்கி மேலாக இருந்தது. அதையே மாட்டிவிட்டாள். பொம்மையின் ஒரு கையில் தினைக்கதிர், இன்னொரு கையில் சோளக்கதிர். ராசாவுக்கு வைத்திருந்த வாழைப்பழத்தில் ஒரு சீப்பை எடுத்துக் கழுத்தில் மாலையாகப் போட்டாள். காலடியில் கம்பை உதிர்த்தாள், பக்கத்தில் ஓர் இலையில் சூடாறின பொங்கல் ஒரு கை.

மந்திரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பறவையை விரட்டுகிற பொம்மையை வைத்துப் பறவையைக் கூப்பிடுகிறார்களாம், கம்பங்காட்டுப் புத்தி இப்படித்தான் போகும் என்று ராசாவிடம் சொன்னான்.

சொல்லி முடிக்கவில்லை, பனிக்குள்ளிருந்து ஒரு சிட்டு வந்து பொம்மையின் முழங்கையில் உட்கார்ந்தது. தினையை ஒரு கொத்து கொத்தியது. கொத்திவிட்டுக் கத்தியது பாருங்க, வேலி முழுக்க இருந்த சிட்டு அத்தனையும் வந்தன. கிளி வந்து சோளக்கதிரைத் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு உரித்தது. புறா காலடியில் கம்பைப் பொறுக்கியது. மைனா மாலையைத் தின்றது. காக்கா பொங்கலைப் பார்த்துவிட்டு, ஊரிலிருக்கிற தன் சொந்தக்காரர்களையெல்லாம் கூப்பிட்டது.

"ஊர்லயே ராசியான கை இந்தப் பொம்மை கைதானுங்க" என்றாள் பூவாத்தாள். "இதையே ராணியா வச்சுக்குங்க. பதிலும் பேசாது."

ராசாவுக்குச் சோற்றுப் பானை மறந்துபோனது. முதல்தடவையாகக் கல்மேடையில் கிடந்த கொள்ளைக் கையில் எடுத்துப் பார்த்தான். விரலில் வண்டு ஊர்ந்தது.

மந்திரி லேசுப்பட்டவனா? முந்திக்கொண்டான். "மகாராசா, அது பொம்மையோட ராசி இல்லை. அது என் அங்கி. என் உடம்பு ராசிதான் அதுல ஒட்டியிருக்கு."

பூவாத்தாள் சண்டைக்கே போகவில்லை. இருக்கும் இருக்கும், அங்கிக்கே இவ்வளவு ராசி என்றால் ஆளுக்கு எவ்வளவு இருக்கும், அவரே மாட்டிக்கொண்டு நிற்கட்டும், அவர் அளந்து கொடுத்த தானியத்தையே வைத்துக்கொள்ளட்டும் என்றாள். ராசாவும் நில் என்று சொல்லிவிட்டான். என் ராசிதான் என்று சொன்ன வாய்க்கு வேறு வழி ஏது? பொம்மையைப் பிடுங்கிவிட்டு அதே இடத்தில் மந்திரி நின்றான். இரண்டு கையையும் நீட்டிக்கொண்டான். இரண்டு கை நிறையக் கொள்ளு, பையில் கொள்ளு, தலைப்பாகை மடிப்பில் கொள்ளு. காளியண்ணன்தான் சந்தோசமாக நிரப்பிவிட்டான்.

பறவைகள் மதில்மேல் போய் உட்கார்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தன. பனி மந்திரியின் மூக்கு நுனியில் சொட்டியது. ஒன்றும் வரவில்லை. அப்புறம் தடதடவென்று ஒரு சத்தம். ராசாவின் லாயத்துக் குதிரைகளைத் தண்ணி காட்டக் கூட்டிக்கொண்டு போனார்கள் போலிருக்கிறது, காற்றில் கொள்ளு வாசனை வந்ததும் கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு தோட்டத்துக்குள் நுழைந்துவிட்டன. குதிரைக்கு வண்டாவது பூச்சியாவது. ஒரு குதிரை வலது கையை நக்கியது, ஒரு குதிரை இடது கையை நக்கியது, ஒரு குதிரை தலைப்பாகையை அப்படியே கவ்வி இழுத்தது. பைக்குள் மூக்கை விட்ட குதிரை பையோடு அங்கியையும் கிழித்துக்கொண்டது. இடுப்புச் சாவி தெறித்து ராசா காலடியில் வந்து விழுந்தது.

ராசா சாவியை எடுத்துக்கொண்டு போய்க் களஞ்சியத்தைத் திறந்தான். கூரை வரைக்கும் கொள்ளு. எங்க அம்மா வைத்திருந்த தினை எங்கே, கம்பு எங்கே, சோளம் எங்கே என்று கேட்டான். மந்திரி வீட்டுக் குதிரின் வாயைத் திறந்தபோது அது பதில் சொன்னது. எல்லாம் வண்டி வண்டியாகத் திரும்பி வந்தது. மந்திரியின் கைக்கு ராசி இல்லாமல் இல்லை, குதிரைக்கு ராசியான கை என்று சொல்லி ராசா அவனை லாயத்துக்கே அனுப்பிவிட்டான். கொள்ளு தீருகிறவரை தினமும் விடியப் பனியில் நின்று குதிரைகளுக்கு அவன் கையாலேயே ஊட்டணும். அதற்கப்புறம் அவன் தெருவில் போனால் எந்த வண்டிக் குதிரையானாலும் நின்று, அவன் சட்டையை மோந்துவிட்டுத்தான் நகரும்.

ராசா பூவாத்தாளிடம் வந்தான். தப்பு என்னுடையது, இனி நீ போகவேண்டாம் என்றான்.

பூவாத்தாள் ஏற்கெனவே வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தாள். "நீங்க அனுப்பினாப் போகமாட்டேன். நானாப் போவேன். பொங்கலுக்கு எங்க அம்மாவைப் பார்க்கணும்."

"அப்போ தானியம் யார் போடறது, பூவு?"

"உங்களுக்கும் ரெண்டு கை இருக்குதுங்களே. சிட்டுக்கு எதுன்னு தெரியாட்டி, போட்டுப் பாருங்க. தின்னா அது. திங்காட்டி வேற."

வண்டி போய்விட்டது. மறுநாள் விடியலில் ராசா போர்வையைச் சுற்றிக்கொண்டு, பல் கிடுகிடுக்க, தினையைத் தனியாகவும் கம்பைத் தனியாகவும் கல்மேடையில் போட்டுவிட்டுத் தூணுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை. அப்புறம் ஒரே ஒரு சிட்டு வந்தது. அவனை ஒரு பார்வை பார்த்தது. தினையைக் கொத்தியது. அடுக்களையில் பொங்கல் ஆறிக்கொண்டிருக்கிறது என்று ஆள் வந்து சொன்னபோது, பேசாதே, பறந்துடும் என்று ராசா சைகை காட்டினானாம்.

ஒருத்தர் சாப்பிட மாட்டேன் என்றால் போட்டவள் கையைக் குறை சொல்லாதீங்க, தட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்க. சிட்டுக்குத் தினை போச்சு, கிளிக்குச் சோளம் போச்சு, எனக்குத் தொண்டைத் தண்ணி போச்சு. போர்த்திக்கொண்டு படுங்க.